தாய்மொழிக்கு தாயே மார்க் போட்டா யாரு நம்புவா? எங்க ஊர் தமிழ்ப் பள்ளி கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை காலையில எட்டே முக்காலுக்கே வந்து பார்க்கிங் லாட்ல ஆரஞ்சு கோன் எடுத்து வெக்கற தம்பிங்க, ஆபீஸ் வேலைய முடிச்சுட்டு ராத்திரி பதினொரு மணிக்கு நிலை 3 வகுப்பு ஹோம்ஒர்க் திருத்தற அக்காங்க, வருஷா வருஷம் ஹால் வாடகைக்கு அலையற அண்ணன்மாருங்க, உங்க எல்லாரையும் மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இத எழுதறேன். யாரும் இதுல பத்து பைசா பாக்கறதில்லன்னு எனக்குத் தெரியும். நானே ரெண்டு வருஷம் நிலை 2 எடுத்திருக்கேன், 'ழ' சொல்லிக் குடுத்தே தொண்டை போனவ.

போன மாசம் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு கேள்வி கேட்டேன்: வீட்டுலயே ஹைஸ்கூல் படிக்கற என் பொண்ணு நம்ம பள்ளியில தமிழ் படிச்சதுக்கு, என்ன பாடம், எத்தனை மணி நேரம், என்ன மார்க்னு ஒரு பேப்பர்ல எழுதி பள்ளி கையெழுத்துப் போட்டுக் குடுக்குமா? நாலு பேர் தம்ஸ்-அப் போட்டீங்க, ஒருத்தர் "பேசிக்கலாம் சிஸ்டர்"னு போட்டார், அதுக்குள்ள சித்திரை விழா பாட்லக் லிஸ்ட் வந்துருச்சு, யாரு புளியோதரை யாரு தயிர் சாதம்னு எம்பது மெசேஜ், என் கேள்வி அடியில போய் மாட்டிக்கிச்சு. அதனாலதான் இப்ப நீட்டா எழுதறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

டாலஸ் பக்கம் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. பொண்ணு இப்ப பத்தாவது முடிக்கப் போறா, பையன் எட்டாவது. 2020ல எல்லா வீட்டுலயும் பசங்க லேப்டாப் முன்னாடி உக்காந்தாங்கல்ல, அப்ப எங்க வீட்டுலயும் உக்காந்தாங்க, ஸ்கூல் திரும்பத் திறந்தப்போ எங்க வீட்டுப் பசங்க மட்டும் திரும்பிப் போகல. ஏன்னு கேட்டா அது தனிக் கதை, ஒரு மடல்ல அடங்காது. திருச்சியில இருக்கற என் மாமியாருக்கே இன்னும் முழுசா புரியல, போன் பண்ணும்போதெல்லாம் "இன்னும் ஸ்கூல் திறக்கலயாடி"ன்னு கேப்பாங்க.

சட்டத்துல ஒண்ணும் பிரச்சனை இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கமிட்டியில ஒருத்தர் "இதெல்லாம் லீகலா?"ன்னு என் வீட்டுக்காரர்கிட்ட தனியா கேட்டிருக்கார். டெக்சஸ்ல ஹோம்ஸ்கூல்ங்கறது ஒரு பிரைவேட் ஸ்கூல் மாதிரி. 1994ல லீப்பர் வழக்குல டெக்சஸ் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிருச்சு. வாசிப்பு, ஸ்பெல்லிங், கிராமர், கணக்கு, நல்ல குடிமகனா இருக்கறது எப்படின்னு ஒண்ணு, இந்த அஞ்சையும் நெஜமாவே சொல்லிக் குடுக்கணும், அவ்ளோதான். ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம், வருஷக் கடைசியில யாரும் வந்து பரீட்சை வெக்க மாட்டாங்க. கவர்மெண்ட் காலேஜ்ங்களும் ஹோம்ஸ்கூல்ல முடிச்ச பிள்ளைய பப்ளிக் ஸ்கூல் பிள்ளை மாதிரியேதான் நடத்தணும்னு தனியா சட்டம் இருக்கு. கார் ஓட்டறதையே இங்க அப்பா அம்மா சொல்லிக் குடுக்கலாம்னு அரசாங்கம் ஒத்துக்குது, அல்ஜீப்ராவுக்கு என்ன வந்துச்சு.

சின்ன வகுப்பு வரைக்கும் இந்த சுதந்திரம் சர்க்கரை. ஒன்பதாவது ஆரம்பிச்சா அதுவே தலைவலி, ஏன்னா ஹைஸ்கூல் நாலு வருஷம் என்ன படிச்சாங்கன்னு ஒரு டிரான்ஸ்கிரிப்ட் வேணும், அத யாரு தயார் பண்றது, நான்தான். பிரின்சிபால், கவுன்சிலர், கிளார்க், வாட்ச்மேன் எல்லாம் நானே. இங்க பப்ளிக் ஸ்கூல் பசங்க எண்டோர்ஸ்மெண்ட்டோட, அதாவது ஒரு துறைய கூடுதலா எடுத்துப் படிச்சு, முடிக்க 26 கிரெடிட் வாங்கணும். இங்கிலீஷ் 4, கணக்கு 4, சயின்ஸ் 4, சோஷியல் 3, இங்கிலீஷ் இல்லாத வேற மொழி ஒண்ணுல 2, கலை 1, பி.இ.ங்கற உடற்கல்வி 1, மிச்சம் நம்ம இஷ்டம். எங்களுக்கு அது கட்டாயம் இல்லதான், ஆனா அளக்க ஒரு படி வேணும்ல, நான் அதையே எடுத்துக்கிட்டேன். மே மாசம் வந்தா டைனிங் டேபிள் முழுக்க பேப்பர், எக்செல் ஷீட் ஒரு பக்கம், பழைய கேலண்டர் ஒரு பக்கம், மூணு வாரத்துக்கு சாப்பாடு சோபாவுலதான். ஒரு கிரெடிட்னா ஏறக்குறைய 120 மணி நேரம்னு கார்னகி அறக்கட்டளை காலத்துல இருந்து ஒரு கணக்கு இருக்கு, அத வெச்சு பிசிக்ஸுக்கு எத்தனை வாரம், லேப் எப்ப, கவர்மெண்ட்ங்கற பாடம் அரை வருஷம் எக்கனாமிக்ஸ் அரை வருஷம்னு ஒவ்வொண்ணா பிரிக்கணும். மிருதங்க கிளாஸ் கலைக்குப் போயிரும். பையனோட கிரிக்கெட்ட பி.இ.யில போட்டுருவேன், அதுல அவனுக்கு ஏ பிளஸ் தவிர வேற மார்க் போட்டா வீட்டுல சண்டை.

நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவ. டைட்ரேஷன எங்க வீட்டு சிங்க் பக்கத்துல ப்யூரெட் நிறுத்தி, வினிகர்ல எவ்ளோ ஆசிட் இருக்குன்னு பொண்ண கண்டுபிடிக்க வெச்சேன், பாட்டில்ல 5 சதவீதம்னு போட்டிருந்துச்சு, அவளுக்கு 4.8 வந்துச்சு, அன்னைக்கு அவ முகத்தப் பாத்திருக்கணும் நீங்க. அதுக்கு நான் ஏ போட்டேன். நியாயமான ஏ. ஆனா காலேஜ்ல உக்காந்து அப்ளிகேஷன் படிக்கறவங்களுக்கு அது அம்மா போட்ட ஏ. எந்த அம்மா பி போடுவா?

இதான் சிக்கல். ஹோம்ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட்ல இருக்கற ஒவ்வொரு மார்க்குக்கும் பின்னாடி வெளியில இருந்து யாராவது ஒருத்தர் "ஆமா, இந்தப் பிள்ளைக்கு இது தெரியும்"னு சொன்னாத்தான் அது எடுபடும். கணக்குக்கு காலேஜ் சேர எழுதற எஸ்ஏடி பரீட்சை இருக்கு. அதுல எங்க ஸ்கூல் கோட் 970000, அமெரிக்கா முழுக்க இருக்கற ஹோம்ஸ்கூல் பிள்ளைங்க எல்லாருக்கும் அதே ஒரே நம்பர், லட்சக்கணக்கான அம்மாக்கள் நடத்தற ஒரே ஸ்கூல்னு நெனச்சுக்கிட்டேன். இங்கிலீஷுக்கு வர்ற வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல டூயல் கிரெடிட், அதாவது ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும் சேத்தே கணக்காகற வகுப்பு, அதுல சேர டி.எஸ்.ஐ.ங்கற தகுதிப் பரீட்சை எழுதியாச்சு. ஹிஸ்டரிக்கு ஏபி, ஹைஸ்கூல்ல இருக்கும்போதே எழுதற காலேஜ் அளவு பரீட்சை. அதுக்கு பட்ட பாடு இருக்கே, பரீட்சை மே மாசம்தான், ஆனா நவம்பர் பாதிக்குள்ள ஏதாவது ஒரு ஸ்கூல் நம்ம பிள்ளைக்கும் சேத்து கேள்வித்தாள் ஆர்டர் பண்ணணும், நம்ம ஏரியா பப்ளிக் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அவங்க நடத்தற ஏபிக்கு ஹோம்ஸ்கூல் பிள்ளையயும் சேத்துக்கணும்னு டெக்சஸ்ல சட்டமே இருந்தும், செப்டம்பர்ல இருந்து பதினோரு ஸ்கூலுக்கு போன் பண்ணி பன்னெண்டாவதுல ஒரு புண்ணியவதி சரின்னா.

எல்லாத்துக்கும் ஒரு வழி கிடைச்சிருச்சு. கடைசியில ஒரே ஒரு சப்ஜெக்ட் நிக்குது. தமிழ்.

என் பொண்ணு அஞ்சு வயசுல இருந்து உங்க பள்ளிக்கு வந்தவ. ஒன்பது வருஷம் சனிக்கிழமை காலை தூக்கம் போச்சு அவளுக்கும் எனக்கும். போன வருஷம் நிலை 8 முடிச்சா. அவ டிரான்ஸ்கிரிப்ட்ல "வேற மொழி"ங்கற கட்டத்துல ஸ்பானிஷ்னு எழுதறதுக்கு எனக்கு மனசு வரல. வீட்டுல ஒரு மொழி இருக்கும்போது, அதுக்கு ஒன்பது வருஷம் உழைச்சிருக்கும்போது, ஆப்ல புதுசா ஸ்பானிஷ் ஆரம்பிச்சு ரெண்டு கிரெடிட் தேத்தறது என்ன நியாயம்?

ஆனா பாருங்க, ஏபியில ஸ்பானிஷ், ஃபிரெஞ்ச், ஜெர்மன், இத்தாலியன், லத்தீன் எல்லாம் இருக்கு, சைனீஸும் ஜாப்பனீஸும் 2007ல இருந்து இருக்கு. பேசறதுக்கு ஆளே இல்லாத லத்தீனுக்கு இருக்கு, தமிழுக்கு இல்ல. இந்திய மொழி எதுக்குமே இல்ல. கொரியன்காரங்க அந்தக் காலத்துலயே முட்டி மோதி 1997ல அவங்க மொழிய எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட்டுல சேத்தாங்க, அந்த டெஸ்ட் எல்லாத்தையும் 2021ல நிறுத்திட்டாங்க, அது வேற விஷயம், ஆனா அது இருந்த காலத்துல அவங்க ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல படிச்ச பிள்ளைக்கு கையில காட்ட ஒரு நம்பர் இருந்துச்சு. இன்னும் ஒரு கூத்து, டெக்சஸ்ல அந்த மொழி கிரெடிட்டுக்கு பதிலா கம்ப்யூட்டர் புரோகிராமிங் படிச்சாலும் போதும்னு விதியிலயே இருக்கு. பைத்தான் மொழியாம். என் பையன் அத படிச்சுட்டு குதிக்கறான், "அம்மா, அப்ப நான் தமிழ் கிளாஸ் வர வேண்டாமா?"ன்னு. அவனுக்கு என்ன பதில் சொல்றது சொல்லுங்க.

மத்த சப்ஜெக்ட்ல நான் மார்க் போட்டா பாதியாவது நம்புவாங்க. தாய்மொழிக்கு தாயே மார்க் போட்டா? சிரிக்க மாட்டாங்க? அதனாலதான் எனக்கு உங்க கையெழுத்து வேணும். வேற யாரு கையெழுத்தும் இங்க உதவாது.

அதத்தான் போன வருஷம் ஆண்டு விழா முடிஞ்சதும் கேட்டேன். நிலை 7, நிலை 8 ரெண்டு வருஷத்துக்கும் என்ன பாடம் நடந்துச்சு, எத்தனை மணி நேரம், பரீட்சையில என்ன மார்க், இத ஒரு பேப்பர்ல போட்டு ஒரு கையெழுத்து. மூணு வாரம் கழிச்சு வந்துச்சு ஒரு சர்டிபிகேட். நல்ல கெட்டி பேப்பர், ஓரத்துல மயில், நடுவுல திருவள்ளுவர், "சிறப்பாகப் பங்கேற்றமைக்காக". பிரேம் போட்டு ஹால்ல மாட்டிருக்கோம், அழகாத்தான் இருக்கு. ஆனா நிலை 1 முடிச்ச ஆறு வயசுப் பிள்ளைக்கும் அதே மயில், அதே வாசகம். அத எந்த அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்ப முடியும்?

இன்னொண்ணையும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கிட்டா அழுகிப் போயிரும். பேச்சுப் போட்டி பார்ம்ல "பள்ளியின் பெயர்"னு ஒரு கட்டம் இருந்துச்சு. பையன் "வீட்டுப் பள்ளி"ன்னு அழகா தமிழ்ல எழுதினான். அன்னைக்கு டேபிள்ல இருந்தவங்க ஸ்கூல் ஐடி கார்டு கேட்டாங்க, வயசுக்கு ப்ரூஃப் வேணும்னு. பாஸ்போர்ட் காட்டறேன்னேன். இல்ல, பள்ளி அடையாள அட்டைன்னுதான் ரூல்ல இருக்குன்னாங்க. முக்கால் மணி நேரம் சுவரோரமா நிக்க வெச்சு, கடைசியில யாரோ ஒரு அண்ணன் வந்து "விடுங்கம்மா நம்ம பையன்தானே"ன்னு உள்ள விட்டார். அவருக்கு நன்றி. ஆனா "நம்ம பையன்தானே"ன்னு யாராவது வந்து சொல்ற வரைக்கும் அவன் யாரு? மேடை ஏறி பாதியில மறந்துட்டான், வீட்டுக்கு வர்ற வழியில ஒரு வார்த்தை பேசல. அவன் எழுதிக்கிட்டுப் போனது "யாதும் ஊரே யாவரும் கேளிர்" பத்தி. சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு.

சரி, குறை போதும், கணக்குக்கு வரேன்.

நம்ம பள்ளி வருஷத்துக்கு சுமார் 30 சனிக்கிழமை, ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம். அது 60 மணி நேரம். நிலை 6க்கு மேல பசங்க வீட்டுல வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது ஹோம்ஒர்க், வாசிப்பு, கட்டுரைன்னு செய்யறாங்க, செய்ய வெக்கறது எவ்ளோ கஷ்டம்னு எல்லா அம்மாக்கும் தெரியும். அது இன்னொரு 60. மொத்தம் 120, ஒரு வருஷத்துக்கு ஒரு கிரெடிட், கார்னகி கணக்குக்கு கச்சிதமா வருது, நான் இழுத்துப் பிடிச்சு வர வெக்கல. ரெண்டு வருஷம் படிச்சா நிறைய காலேஜ் கேக்கற ரெண்டு வருஷ மொழி முடிஞ்சுது, கலிஃபோர்னியா யூனிவர்சிட்டிங்க மாதிரி ரெண்டு கட்டாயம், மூணு இருந்தா நல்லதுன்னு சொல்ற எடத்துக்கு மூணாவது வருஷமும் போடலாம். நடக்கற வேலை ஏற்கனவே நடந்துக்கிட்டுதான் இருக்கு அண்ணா, நம்ம யாரும் அத எழுதி வெக்கல, அதான்.

"நாங்க அக்ரெடிட்டட் இல்லயே"ன்னு செக்ரட்டரி அக்கா சொன்னாங்க. சில ஊர்கள்ல தமிழ்ப் பள்ளிங்க காக்னியா மாதிரி அமைப்புகிட்ட அங்கீகாரம் வாங்கியிருக்காங்க, அதனால அந்த ஊர் பப்ளிக் ஸ்கூல்ங்களே தமிழுக்கு கிரெடிட் குடுக்கறதும் நடக்குது. நம்மளும் ஒரு நாள் போலாம், அதுக்கு வருஷக்கணக்குல வேலை இருக்கு, ஆளும் வேணும், காசும் வேணும். நான் இப்ப கேக்கறது அது இல்ல. என் டிரான்ஸ்கிரிப்ட்டோட கோர்ஸ் டிஸ்கிரிப்ஷன்னு ஒண்ணு சேத்து அனுப்பறேன், ஒவ்வொரு சப்ஜெக்ட்டுக்கும் அரைப் பக்கம், என்ன புத்தகம், என்ன தலைப்பு, எத்தனை மணி நேரம், மார்க் எப்படிப் போட்டோம். தமிழுக்கு அந்த அரைப் பக்கத்த நான் எழுதாம நீங்க எழுதி, லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேக்கறேன். அதுக்கு அங்கீகாரம் தேவையில்ல, வருகைப் பதிவும் மார்க் லிஸ்ட்டும் ஒழுங்கா இருந்தா போதும்.

அதோட அமெரிக்காவுல மொழித் திறமைய அளக்கற ஆக்டிஃபில் அமைப்போட ஓ.பி.ஐ.ன்னு ஒரு பேச்சுத் தேர்வு இருக்கு, தமிழ்லயும் இருக்கு. நம்ம பசங்க ரொம்பப் பேருக்கு அது தெரியவே தெரியாது. அதுல நோவிஸ், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டுன்னு படி படியா சொல்லுவாங்க. என் பொண்ணுக்கு இந்த அக்டோபர்ல எழுத வெக்கலாம்னு இருக்கேன், தயார் பண்றப்போதான் ஒண்ணு புரிஞ்சுது. அவளுக்கு "நான் நேற்று நூலகத்திற்குச் சென்றேன்"னு எழுதத் தெரியும், ஏன்னா நம்ம புத்தகம் அப்படி. "நேத்து லைப்ரரி போனேன் பாட்டி"ன்னு பேசத் தெரியும், ஏன்னா வீடு அப்படி. ரெண்டுக்கும் நடுவுல, ஒரு வெளி ஆள்கிட்ட, மரியாதையா, நீளமா, ஒரு விஷயத்தப் பத்தி கருத்து சொல்லத் தெரியல. அதுக்கு நம்ம எந்த நிலையிலயும் கிளாஸே இல்ல. நிலை 8 முடிச்சா பட்டம் குடுத்து, போட்டோ எடுத்து, அனுப்பிடறோம். அப்ப அவங்களுக்கு பதினாலு, பதினஞ்சு வயசு. அப்பத்தான் கேள்வியே கேக்க ஆரம்பிக்கறாங்க.

போன குளிர்காலத்துல பொண்ணு கீழடி பத்தி எங்கயோ படிச்சுட்டு வந்து, பானையில கீறின எழுத்து கிமு ஆறாம் நூற்றாண்டுன்னு 2019 அறிக்கையில சொல்றாங்களே, அத எப்படித் தேதி கண்டுபிடிக்கறாங்கன்னு கேட்டா. கார்பன் டேட்டிங் கெமிஸ்ட்ரி என் ஏரியா, சொல்லிட்டேன். ஆனா அந்த எழுத்துல இருந்து இப்ப நம்ம எழுதற எழுத்து வரைக்கும் எப்படி வந்துச்சுன்னு அடுத்த கேள்வி கேட்டா, எனக்குத் தெரியல. நம்ம பள்ளியில கல்வெட்டு படிக்கத் தெரிஞ்ச ஒரு அங்கிள் இருக்கார், எல்லாருக்கும் தெரியும் அவர, டீ போடற டேபிள்ல நிப்பார். அவர் வாரம் ஒரு மணி நேரம் பெரிய பசங்க கூட உக்காந்தா அது ஹைஸ்கூல் தமிழ் இல்லாம வேற என்ன? இது ஹோம்ஸ்கூல் பசங்களுக்கு மட்டும்னு நெனக்காதீங்க. ஐ.எஸ்.டி. பப்ளிக் ஸ்கூல்ல படிக்கற உங்க பசங்களும் நிலை 8 முடிஞ்சதும் சனிக்கிழமைய எஸ்ஏடி கோச்சிங்குக்கு மாத்திடறாங்க, ஏன்னா தமிழ்ல இருந்தா பேப்பர்ல ஒண்ணும் ஏறாது. ஏறும்னா எத்தனை பேர் தங்குவாங்கன்னு ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கலாமே.

இதெல்லாம் யாரு செய்யறதுன்னு கேப்பீங்க. டைப் அடிக்கற வேலை என்னோடது. நிலை 6, 7, 8 புத்தகத்த வெச்சு ஒரு வருஷப் பாடத்திட்டம் மூணு பக்கத்துல எழுதிட்டேன், மார்க் லிஸ்ட்டுக்கு எக்செல் போட்டுட்டேன், பேர் போட்டா சதவீதம் தானா வரும். ஆசிரியர்ங்க மார்க் போட்டுக் கையெழுத்துப் போட்டா போதும். என் பசங்களுக்கு நான் மார்க் போட மாட்டேன், அவங்க கிளாஸ் பக்கமே வர மாட்டேன், வேணும்னா திரும்ப நிலை 2 குடுங்க, அந்த 'ழ'வோட இன்னும் ஒரு வருஷம் மல்லுக்கட்டறேன்.

ஆகஸ்ட் கடைசியில வகுப்பு தொடங்குது. அதுக்கு முன்னாடி ஜூலையில ஒரு கமிட்டி மீட்டிங் வரும்ல, அதுல எனக்கு பதினஞ்சு நிமிஷம் குடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதி அனுப்புங்க, கோவிச்சுக்க மாட்டேன், ஆனா "பேசிக்கலாம்" மட்டும் வேண்டாம். பொண்ணு பதினொண்ணாவது ஆரம்பிக்கறா, அடுத்த வருஷம் இந்நேரம் அப்ளிகேஷன் எழுதிக்கிட்டு இருப்பா.

இப்படிக்கு,
நிலை 8 முடிச்ச பொண்ணுக்கும், நிலை 6ல இருக்கற, ஐடி கார்டு இல்லாத பையனுக்கும் அம்மா

பி.கு.: பேச்சுப் போட்டி பார்ம்ல "பள்ளி அடையாள அட்டை"ய எடுத்துட்டு "வயதுச் சான்று ஏதாவது ஒன்று"ன்னு மாத்தினா போதும், அதுக்கு மீட்டிங் கூட வேண்டாம். பார்ம் எந்த கூகுள் டிரைவ்ல இருக்குன்னு சொல்லுங்க, நானே மாத்திடறேன்.